சுவரோரக் கிறுக்கல்

கண்டக்டர் தலையைக் குனிந்து மாடி அறைக்குள் வந்தார். கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே நசுக்கிய சிகரெட் துண்டுகள். நெஞ்சில் ஆபரேஷன் ஆவதற்கு முன்பு அவர் பிடித்துக்கொண்டிருந்த அதே பிராண்டு.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கிடந்துச்சு. இந்த வீட்டுல இருக்கிறதே நாம மூணு பேருதான்” என்றார்.

வாடகைக்குக் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அவரை அண்ணாந்து பார்த்தார். ஓய்வு பெறும்வரை பஸ் கூரைக்குக் கீழே கழுத்தை மடித்தே டிக்கெட் கிழித்த மனிதர். காற்று வாங்குகிறேன் என்று அடிக்கடி மாடிக்கு வருகிறவரும் அவர்தான். தானே ஊதிவிட்டுத் தானே விசாரிக்க வந்திருக்கிறாரே என்று மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பின்னாலேயே வீட்டுக்காரம்மா ஏறி வந்தார். கொடியில் துணி போட முக்காலி தேவைப்படுகிற உயரம்; அந்த முக்காலியும் இடுப்பில் இருந்தது. ஆபரேஷன் நடந்த வாரம் பீரோ, சைக்கிள் சீட், ரேடியோவின் முதுகு என்று கணவர் ஒளித்துவைத்த பாக்கெட்டுகளையெல்லாம் தேடிப் பிடித்துக் குப்பையில் போட்டதாகத் தெரு முழுக்கச் சொன்னவர்.

“இதுல விசாரிக்க என்ன இருக்கு? மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லுங்க. இந்த வாசனை பட்டாலே உங்களுக்குப் பழைய புத்தி வந்துடும்.”

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுபோனது. நட்சத்திரங்கள் நகரும் தடத்தை ஃபிலிமில் படம் பிடிப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த கிறுக்கு. அதற்குத் தெருவிளக்கு எட்டாத மாடி வேண்டும். ஊரெல்லாம் அலைந்து கிடைத்தது இந்த ஒன்றுதான். மழைக்கு அறை ஒழுகும் என்று தெரிந்தேதான் வந்து சேர்ந்தார்.

தனக்கு அந்தப் பழக்கமே இல்லை, லென்ஸில் புகை படிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தார். அப்படியானால் நண்பர்கள் வந்திருப்பார்கள் என்றார் அம்மா. நண்பர்களே கிடையாது என்றார் மெக்கானிக். அதை மட்டும் இருவரும் உடனே நம்பினார்கள். ஆனாலும் அம்மா காலி பண்ணுவதிலேயே நின்றார்.

சாட்சி ஒன்று அலமாரியில் இருந்தது. பிரிண்ட் வந்த அன்றே இது கண்டக்டர் வேலைதான் என்று முடிவு கட்டி, காட்டிக்கொடுக்க மனம் வராமல் உள்ளே போட்டுவைத்தது. எடுத்தால் கண்டக்டர் மாட்டுவார். எடுக்காவிட்டால் மாடி போகும். கண்டக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களைத் தேடினால் கிடைப்பார்கள், இருட்டான மாடி கிடைக்காது. மெக்கானிக் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கருநீல வானத்தில் நட்சத்திரங்கள் வட்ட வட்டக் கோடுகளாகச் சுழன்றிருந்தன. ஃபிலிம் கீறிவிட்டது என்று சொல்லி ஸ்டுடியோக்காரர் முதலில் பிரிண்ட் போடவே மறுத்து, மெக்கானிக் வற்புறுத்தியபின் போட்டுக்கொடுத்த படம். அடியில் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் கறுப்பாகத் தெரிந்தது. அந்தச் சுவரை ஒட்டிச் சிவப்பாக ஒரு கிறுக்கல். கீழிருந்து எழும்பி, சுவரின் விளிம்பைக் கொஞ்சமே தாண்டி, மறுபடி கீழே இறங்கியிருந்தது.

“இருட்டினதும் கேமராவைத் திறந்து வச்சிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கிடுவேன். இருட்டுல ஆள் நடமாடினா இதுல விழ மாட்டாங்க. வெளிச்சம் நகர்ந்தா கோடா விழுந்துடும். சிகரெட் நெருப்பும் அப்படித்தான். சுவரோரமா நின்னு யாரோ வாய்க்குக் கொண்டுபோய் நிதானமா இழுத்துட்டுக் கையை இறக்கியிருக்காங்க. என் படத்தை நானே கெடுத்துக்குவேனா, சொல்லுங்க.”

“க்ளிக்குன்னு சத்தம் வந்தாத்தானே படம்?” என்றார் அம்மா. “ராத்திரி பூரா அது திறந்தேவா கிடக்கும்?”

“விடியறதுக்கு முன்னாடி எழுந்து மூடுவேன்மா.”

அம்மா படத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். டாக்டர் எச்சரித்தது, வேளை தவறாமல் தான் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை, தையல் போட்ட நெஞ்சு, தன் தலையெழுத்து என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. படித்துப் படித்துச் சொன்ன வாய்க்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார்.

கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெளியே போய் அந்தச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

“ஆமா, நான்தான். தம்பி இங்கேயே இருக்கட்டும்.”

கொட்டிக்கொண்டிருந்த மழை விட்டதுபோல அம்மா அடங்கிப்போனார். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டு, முக்காலியைக்கூட மறந்துவிட்டுக் கீழே இறங்கினார்.

காலடி ஓசை ஓயும்வரை மெக்கானிக் காத்திருந்தார். “மன்னிச்சிருங்க சார். மாடி போயிடுமேன்னு உங்களைக் காட்டிக்கொடுத்துட்டேன்.”

“என்னை எங்க காட்டிக்கொடுத்தீங்க?” கண்டக்டர் அந்தக் கிறுக்கலின் உச்சியில் விரலை வைத்தார். “அந்தச் சுவர் எனக்கு இடுப்புக்கு, தம்பி. அவளுக்குத்தான் நெஞ்சுக்கு.”