தப்பான பக்கம்

இந்தத் தடவையாவது எல்லாம் ஒழுங்காக இடது பக்கம் போய்த் தொலையுங்கள் என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

போகவில்லை.

திரையில் இருப்பவை நிஜச் செல்கள் அல்ல, நான் எழுதிய கணக்கில் நகரும் புள்ளிகள். மீன் முட்டைக்குள் கரு உருவாகும்போது, இதயமாகப் போகிற செல்கள் நடுவிலிருந்து கிளம்பும். இடது பக்கம் ஒரு ரசாயனம் கசியும். அடுப்பங்கரை வாசனை பிடித்து வருகிற பிள்ளைகள் மாதிரி இவையும் அதைத் தொடர்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அதுதான் கணக்கு.

பெரும்பாலும் போயின. ஆனால் நூறு தடவை ஓட்டினால் நாலைந்து தடவை ரசாயனமே வலது பக்கம் கசிந்தது. மொத்தக் கூட்டமும் சமர்த்தாக அங்கே போய் இதயம் கட்டிக்கொண்டது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. பக்கத்து மேஜைக்காரி முறைத்தாள். நிறுத்தினேன். அது திரும்பவும் ஆடியது.

சாயங்காலத்துக்குள் கட்டுரை போயாக வேண்டும். எங்கள் பேராசிரியருக்கு ஆய்வகத்தில் வெந்நீர் என்று பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல்தான் எப்போதும் பறப்பார். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதெல்லாம் கோணல் கேஸ்மா. அழிச்சிட்டு மிச்சத்தை அனுப்பு. இந்த மாதிரி கரு எல்லாம் பொழைக்கவா போகுது?"

கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அழித்தால் வரைபடம் அழகாக வரும். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. அடுத்த வருஷமும் இங்கே வேலை இருக்கும். அழிக்காவிட்டால் கட்டுரையும் இல்லை, வேலையும் சந்தேகம்தான். ஒரு பொத்தான். விரல் அதன் மேல்தான் இருந்தது.

அம்மா ஞாபகம் வந்தது. நான் அவள் வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் பார்த்த ஒருவர், திரையைக் காட்டி, நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க என்றாராம். அம்மா அதற்கு மேல் அங்கே உட்காரவில்லை. போகிற வழியில் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி, இரண்டையும் அவளே தின்றிருக்கிறாள். உனக்கும் சேர்த்துத்தான்டி என்பாள்.

காலையிலிருந்து இந்தப் புள்ளிகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது.

விரலை எடுத்தேன்.

"பொழைக்கும் சார். படிக்கும், வேலைக்கு வரும், உங்ககிட்ட திட்டுகூட வாங்கும்."

அவர் சிரித்தார். பிறகு, நான் நெஞ்சில் வைத்திருந்த கையைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

கைக்கு அடியில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம்.