பின்னிருக்கை

வரைபடம் சுருண்டுவிடாமல் அதன் ஒரு மூலையை மிதித்துக்கொண்டு அவள் நின்றாள்.

கூடத்துத் தரையில் அவள் கணவன் அருளப்பனும் அவனுடைய நண்பன் சகாயமும் முட்டி போட்டிருந்தார்கள். ஜூன் இரண்டாம் தேதி திண்டுக்கல்லிலிருந்து புறப்படுகிறார்கள். இரண்டு பைக். மணாலிவரை ஒன்பது நாள். அதற்குமேல் மரமே இல்லாத மலைகளின் ஊடாக லே நகரம்வரை.

ஏழு வருடத் திட்டம். பிள்ளைகளின் பரீட்சை, கொரோனா, சகாயத்தின் மூட்டுவலி என்று தள்ளித் தள்ளிப்போனது.

அருளப்பனின் சிவப்புப் பேனா மெல்ல நகர்ந்தது. ஜிஸ்பா. சார்ச்சு. பாங். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பித் தேடினான்.

எவ்வளவு கவனமாகப் பார்க்கிறான் என்று சகாயம் அவளிடம் சொல்லிச் சிரித்தான்.

அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில், மதுரையில், கண் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் குழலாகச் சுருட்டி அவள் கண்ணில் வைத்துக் காட்டினார். இவருக்கு இப்போது இவ்வளவுதான் தெரிகிறது என்றார். நேரே மட்டும். பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. வருடாவருடம் குழல் குறுகும். மருந்து இல்லை. வண்டி ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடச் சொன்னார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அருளப்பன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். இந்த ஒரு தடவை போய் வருகிறேன். அதுவரை சகாயத்திடம் சொல்லாதே.

சரி என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். பக்கத்துச் சாலையிலிருந்து ஏறிவரும் லாரி. குறுக்கே பாயும் மாடு. ஒருபக்கம் வெறும் பள்ளமாகக் கிடக்கும் மலைப்பாதை.

உயிர் போனால் அவன் ஒருவனுடையது போகும். அவன் கேட்டதும் அதுதானோ என்னவோ.

இந்த நினைப்பை மட்டும் அவள் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

சகாயம் டீயைக் குடித்துமுடித்தான். இன்னொரு விஷயம் இருக்கிறது என்று தொடங்கினான். அவன் மகள் ரெனிட்டா தானும் வருவேன் என்று ஒரு வாரமாகச் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாளாம். கல்லூரி முடிந்துவிட்டது. மணாலிக்கு வந்து சேர்ந்துகொள்வாள். சகாயத்தின் வண்டியில் கூடாரமும் பெட்ரோல் கேன்களும் இருக்கும், பின்னால் இடம் இருக்காது. அங்கிருந்து அவள் அருளப்பனின் பின்னால் உட்கார்ந்துகொள்ளட்டும்.

"அருள் மாமா வண்டின்னா எனக்குப் பயமே இல்லைங்கிறா, மாப்ள. எனக்கும் அப்படித்தான். இப்பல்லாம் நீ எவ்வளவு நிதானமா ஓட்டுற."

ரெனிட்டாவுக்கு இருபது வயது. சின்னதில் அருளப்பனின் தோளில் உட்கார்ந்துதான் மாதா தேர் பார்ப்பாள். அவன் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வரைபடத்தை மிதித்தபடியே அவள் தன் கணவனைப் பார்த்தாள்.

மாட்டேன் என்று சொல்லிவிடுவான். இடுப்புவலி என்பான். குளிர் தாங்காது, பொம்பளைப் பிள்ளை, வேண்டாம் என்பான். எதையாவது சொல்வான்.

அருளப்பன் பேனாவை மூடினான். மறுபடி திறந்தான்.

"வரட்டும்" என்றான்.

அவள் காலை எடுத்தாள். வரைபடம் சுருண்டு போய் அவன் முழங்காலில் இடித்து நின்றது.

"சகாயண்ணே, பிள்ளைய ஏத்தாதீங்க. பக்கத்துல வர்றது எதுவும் இவருக்குத் தெரியாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சுருட்டிய தாள்வரைக்கும். குரல் உயரவில்லை. அருளப்பன் தடுக்கவும் இல்லை. எழுந்து போய் வாசற்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

சகாயம் காலி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டபோது நண்பனைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டான்.

"ரெனிட்டா வரலேன்னா சொல்லியிருக்க மாட்டியாம்மா?"



"அவள ஒண்ணும் கேக்காத. நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றான் அருளப்பன்.

ஏன் வரட்டும் என்று சொன்னாய் என்று சகாயம் கேட்டான். வேண்டாம் என்றால் நீ காரணம் கேட்பாய், எனக்குப் பொய் வராது என்றான் அருளப்பன்.



கொஞ்ச நேரம் கழித்து சகாயம் சமாதானமாக ஒன்று சொல்லிப் பார்த்தான். நீ ஓட்ட வேண்டாம், என் பின்னால் உட்கார், நான் கூட்டிப்போகிறேன்.

அருளப்பன் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னான். உன் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு உன் ஹெல்மெட் மட்டும்தான்டா தெரியும்.

சகாயம் எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டியவன் நின்றான். கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தான்.

கதவோரத்து ஆணியில் அருளப்பனின் பைக் சாவி தொங்கியது. அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளி. சகாயம் அதை ஓசைப்படாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சகாயம் அவளைப் பார்த்தான். தலையசைத்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"என் சாவி ஆணியில இருக்கா?"

அவள் வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"இருக்கு."

அவன் கையை நீட்டித் தடவிப் பார்க்கவில்லை.