சத்தம் போதாது

"இது சரிவராது தம்பி. சத்தமே இல்லை. நல்லா இரையிற ஃபான் ஒண்டு தாங்கோ."

டிலக்ஸன் தன் காதையே நம்பாமல் நிமிர்ந்து பார்த்தான். கிளிநொச்சியில் அவன் கணினி திருத்தும் கடை போட்ட நாள் முதல், இரைச்சலைக் குறைத்துத் தரும்படி கேட்டு வந்தவர்கள்தான் எல்லாரும். கூட்டித் தரச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

வந்தவர் செல்வநாயகம், தர்மபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். போன கிழமை கணினிப் பெட்டிக்குள் சுற்றும் பழைய ஃபான் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஓடவில்லை என்று சொல்லி அதை இங்கேயே விட்டுவிட்டுப் புதியது வாங்கிப் போனார். மெதுவாகச் சுற்றும், மூச்சுக்கூடக் கேட்காது என்று டிலக்ஸன் பெருமையடித்துக் கொடுத்த அந்தப் புது ஃபான் இப்போது மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. அவனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"ஐயா, இரையிற ஃபான் எண்டால் சாகப்போற ஃபான். வேகமாச் சுத்தினால் பெயரிங் கெதியாத் தேஞ்சுபோம். இது அஞ்சாறு வருசம் நிண்டு ஓடும்."

"அஞ்சாறு வருசம் ஆருக்கு வேணும்? வாற கிழமை வயல்ல நெல்லு வெட்டு. நான் அங்கை நிக்கவேணும். ஃபான் இரையாட்டி, கடையைப் பூட்டிப்போட்டு, வேலைக்கு நிக்கிற ரெண்டு பெட்டையளையும் வீட்டை அனுப்பவேண்டியதுதான்."

ஃபானுக்கும் கடையைப் பூட்டுவதற்கும் என்ன தொடர்பென்று டிலக்ஸனுக்கு விளங்கவில்லை. பழைய ஃபானையாவது திருத்தலாமா என்று அதை எடுத்துத் தூசி தட்டினான். இதழ்களுக்கு நடுவில் காய்ந்த கறிவேப்பிலை ஒன்று சிக்கியிருந்தது. எலி இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று ஊதிவிட்டான். ஆனால் அந்த ஃபானின் ஆயுள் முடிந்துதான் போயிருந்தது.

பிறகு அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி, பெரிய அலுவலகக் கணினி ஒன்றில் இருந்து கழற்றிய ஃபான் ஒன்றை எடுத்துக் கரண்ட் கொடுத்தான். அது நெல் மில் மாதிரி இரைந்தது. மேசையில் கிடந்த கடதாசிகள் நிலத்துக்குப் பறந்தன. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் தம்பி ஃபான்!" செல்வநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"ஆனால் மெசினைக் கண்ணால பாக்காமல் இதைத் தரமாட்டன், ஐயா. ஏதும் எரிஞ்சுபோனால் என்ர கடைக்குத்தான் கெட்ட பேர்."

செல்வநாயகம் வாசலைப் பார்த்தார். கதவை அரைவாசி சாத்தினார். கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"ஒண்டும் எரியாது. உள்ளுக்கை ஒண்டுமே இல்லை."

"என்னெண்டு?"

"கடையில ரெண்டு கமரா தொங்குது. ரெண்டும் வெறுங்கூடு. மேல் தட்டில ஒரு பழைய கொம்பியூட்டர் பெட்டி. அதுக்குள்ள ஒரு சிவப்பு லைற், ஒரு ஃபான். அவ்வளவுதான். அது இரையேக்கை எல்லாம் பதிவாகுதெண்டு பெட்டையள் நினைக்குதுகள். இவ்வளவு காலத்தில ஒரு நெருப்புப்பெட்டி குறைஞ்சிருக்குமோ? கேளுங்கோ!"

டிலக்ஸன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். கமரா பொருத்தித் தருகிறோம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியவன் அவன். இந்த மனிதர் ஒரு ஃபானோடு காரியத்தை முடித்துவிட்டார்.

"உங்கட ஃபானைக் கடை பூட்டினாப் பிறகு, ஆருக்கும் தெரியாமல்தான் மாத்தினனான். ரெண்டாம் நாள் ரெண்டு பேரும் வயித்துக்குத்தெண்டு லீவு. திரும்பி வந்தும் முகம் சரியில்லை. நெடுக அந்தப் பெட்டியைத்தான் அண்ணாந்து பாக்குதுகள். கண்டுபிடிச்சிட்டாளவை தம்பி! இனி நான் எப்பிடி நம்பி வயலுக்குப் போறது?"

அவருடைய கலக்கத்தைப் பார்க்க டிலக்ஸனுக்கே பாவமாகிவிட்டது. வயருக்கு ஏற்ற மாதிரி முனையை மாற்றித் தருகிறேன், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தான்.

அவர் தெருவைக் கடந்து மறையவும் போன் அடித்தது. ஒரு பெண்குரல், மிகவும் தணிந்து வந்தது.

"அண்ணை, நான் தர்மபுரத்தில செல்வநாயகம் ஐயாவின்ர கடையில நிக்கிற தேனுகா கதைக்கிறன். புது ஃபான் வந்த மட்டைப்பெட்டியில உங்கட நம்பர் கிடந்தது. ஐயா அங்கையோ?"

டிலக்ஸனுக்குத் திக்கென்றது. மனிதர் பயந்தது சரிதான், பெட்டைகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவரைக் காப்பாற்றுவது தன் கடமை என்று நினைத்துக்கொண்டான்.

"இல்லை தங்கச்சி, இப்பதான் வெளியில போனவர். அது வந்து... அந்தக் கமரா மெசின் இருக்கெல்லோ, நாள் முழுக்கப் பதியிற மெசின், அது சூடாகாமல் இருக்க ஒரு ஃபான்..."

"ஓம் அண்ணை, ஃபான் மாத்தத்தான் வந்திருப்பார். நான் கதைச்சதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. இந்தமுறை நல்ல வேகமா ஓடுறதொண்டாப் பாத்துக் குடுத்துவிடுங்கோ."

"வேகமாவோ? உங்களுக்கு என்னத்துக்குத் தங்கச்சி?"

"போனமுறை தந்தது மெதுவா ஓடி, அந்தப் பெட்டிக்குள்ள வைக்கிற எங்கட சோத்துப் பார்சல் எல்லாம் மத்தியானத்துக்கிடையில புளிச்சுப்போகுது, அண்ணை."