குகைக்குள் ஒரு சமையல் மேடை

காட்டுக் குகை போல அவள் வடிவமைத்த விடுதி அறையில் தூசி மிதக்கிறது. குழந்தைகள் நுழைந்து படுக்கப் பாறைச் சுவரில் அவள் குடைந்து வைத்த பொந்தை இரண்டு பேர் சம்மட்டியால் உடைக்கிறார்கள். உள்ளே பதித்த குட்டி விளக்குகள் எரிந்தபடியே சரிகின்றன. அங்கே சமையல் மேடை வரப்போகிறதாம். அறைகளை விடுதிக்காரர்கள் இனி ஆளுக்கு வருடத்தில் ஒரு வாரம் என்று பங்கு போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்குக் குகை வேண்டாம், வீடு போல இருந்தால் போதும். "யாரைக் கேட்டு உடைக்கிறீங்க?" என்று கேட்கிறாள் அவள். மேஸ்திரி திகைக்கிறார். "சார்தான் மேடம் புது ப்ளான் குடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னாரே." தொழிலிலும் பாதிப் பங்காளியான அவள் கணவன் வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கையில் உருட்டுகிறான். "சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. வேலையே கைவிட்டுப் போயிருக்கும்." "காலையில என் பக்கத்துல உக்காந்துதானே காபி குடிச்சே? அப்பக்கூட சொல்ல வாய் வரலையா?" சம்மட்டிகள் ஓய்ந்துவிட்டன; ஜன்னல் வெயிலில் தூசி மெல்லப் படிகிறது. "ஏன் நிறுத்திட்டீங்க? உடைங்க," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அவள் வாசலுக்கு நடக்கிறாள். முன்பின் தெரியாதவருக்கு ஒதுங்குவது போல அவன் ஒதுங்கி வழிவிடுகிறான்.