தகரக் கூஜா

கோட்டைச் சுவரின் நிழல் உணவுவிடுதியின் மேசைகளைப் பாதி விழுங்கிவிட்டது. ஸ்தாத்திஸ் முன்னால் எலுமிச்சை பிழிந்த ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருக்கிறது. விடுதிக்காரி ஃபொத்தினி ஒரு தகரக் கூஜா ஒயினைக் கொண்டுவந்து டொக்கென்று வைக்கிறாள்.

"கடைசி மேசையிலருந்து உங்க அண்ணன் அனுப்பினாரு."

"எவன், பன்டெலிஸா? ஒன்பது வருஷமா என் மூஞ்சியில முழிக்காதவன் எதுக்கு அனுப்புறான்?"

"எனக்கென்ன தெரியும்? அவரைப் பார்த்து கிளாஸைத் தூக்கிட்டுக் குடிங்க. தொடாம விட்டா ஊரே காறித் துப்பும்."

அது தெரிந்துதான் அவருக்கு எரிகிறது. தொடாவிட்டால் அவமரியாதை, தூக்கிக் காட்டினால் சமாதானம். அப்பாவின் திராட்சைத் தோட்டத்தை மொத்தமாய் அமுக்கத்தான் அடிபோடுகிறானோ? கூஜாவை மோந்து பார்க்கிறார். இந்த ஊர் ஒயினில் வழக்கமாக வரும் பைன் பிசின் வாசம்தான். ஓரக்கண்ணால் கடைசி மேசையைப் பார்க்கிறார். அங்கே அண்ணனும் இதே மாதிரி ஒரு கூஜாவுக்குள் மூக்கை நுழைத்து, நெற்றியைச் சுருக்கி மோந்துகொண்டிருக்கிறான்.

நிமிர்ந்த நான்கு கண்களும் ஒருசேரச் சமையலறை வாசலுக்குப் போகின்றன. ஃபொத்தினி முதுகைக் காட்டியபடி, ஏற்கெனவே பளபளக்கிற பானையை மும்முரமாகத் தேய்க்கிறாள். மற்ற மேசைகளில் முள்கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் கிளாஸைப் பாதி தூக்கிப் பிடித்தபடி, மற்றவன் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.