கடைசியில் ஏறுபவர் பாட வேண்டும்

"வந்துட்டாங்கய்யா மகாராணி!"

பேருந்தின் முன்வரிசையில் எழுந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார் ஹுபெர்ட். பெர்லினில் நாங்கள் இறங்கிப் பார்த்த முதல் இடம் ஒரு பழைய தேவாலயம். அங்கேயே ரோஸ்விதா தாமதம்.

"சாசேஜ் கடையில ஒரே கூட்டம்," என்று அசடு வழிந்தாள் அவள்.

"கடைசியா ஏறினா பாடணும். புடி மைக்கை!"

இது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் எங்கள் கிளப்பின் சட்டம். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சுற்றுலா போவோம். ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக ஏறுபவர், பேருந்து கிளம்பும்முன் மைக்கில் பாட வேண்டும். சட்டம் போட்டவர் ஹுபெர்ட்தான். வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் நிலைய மேலாளராக இருந்தவர். ரயில் லேட்டாக வந்தாலும் வரும், ஹுபெர்ட் லேட்டாக வரமாட்டார் என்பார்கள் எங்கள் ஊரில். எண்பது வயதாகியும் இதுவரை அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

ரோஸ்விதா பாடினாள். பாட்டா அது! ஓட்டுநர் ஊவே பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்தது டிவி கோபுரம். அங்கேயும் அவள்தான் கடைசி. "டாய்லெட்ல வரிசை." பாடினாள். அப்புறம், பெர்லின் சுவரில் இடிக்காமல் விட்டுவைத்திருக்கும் பகுதி. "தங்கச்சி புள்ளைக்குக் கரடி பொம்மை வாங்கினேன்." பாடினாள். மறுநாள் காலை நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு வந்தபோதும் அதே கதை.

எனக்கே எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதி அவள்.

"ஏண்டி, வேணும்னே பண்றியா? ஊர்ல நல்லாத்தானே இருந்தே?"

"பெரிய ஊரு. வேடிக்கை பாத்துக்கிட்டே நின்னுடறேன். விடுடி ஹில்டே."

விட்டால்தானே? ஹுபெர்ட் மைக்கைப் பிடித்துவிட்டார். "இத்தனை பேரும் ஒருத்திக்காகத் தேவுடு காக்கறோம். இன்னும் ஒரு தடவை இப்படிப் பண்ணினா, அடுத்த வருஷம் ரோஸ்விதாவுக்கு எடம் கிடையாது. என்ன சொல்றீங்க? கையைத் தூக்குங்க!"

கைகள் எழுந்தன. என்னுடையதும் பாதி வரைக்கும் போய் நின்றது. ரோஸ்விதா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. புருஷன் போனதிலிருந்து அவளுக்கு பேக்கரி வேலை, விட்டால் யாருமில்லாத வீடு. வருடம் முழுக்க அவள் காத்துக்கிடப்பது இந்த இரண்டு நாளுக்காகத்தான்.

கடைசி இடம் பிராண்டன்பர்க் வாசல். இந்த முறை நான் விடவில்லை. போட்டோ எடுத்ததும் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தேன். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தடி பாக்கறே? வாசல் எங்கேயும் ஓடிடாது, நட!"

முதல் ஆளாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள்.

"அடேயப்பா, ரோஸ்விதாவா! இன்னைக்குச் சூரியன் மேற்கால உதிச்சிருக்கும்போல!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஊவே தலைகளை எண்ணினார். "இன்னும் ஒருத்தர் வரணுமே?"

ரோஸ்விதா ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் மரங்களின் அடியில் ஹுபெர்ட் வந்துகொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது கடந்து போனால் வரைபடத்தைப் பிரித்து எதையோ தேடுவதுபோல் பாவனை பண்ணுவார். மறுபடியும் நாலு எட்டு.

ரோஸ்விதா சட்டென்று எழுந்தாள்.

"எங்கேடி?"

"குடையை மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? குடை போனாப் போகுது. அடுத்த வருஷம் எடம் கிடையாதுன்னு சொன்னாரே, மறந்துட்டியா?"

என் கையை விலக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவளை நாலு அறை அறையலாம்போல இருந்தது.

ஹுபெர்ட் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறியதும் நிமிர்ந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரியான நேரம். எங்கே அந்தம்மா?"

"இதோ வந்துட்டேன்!" என்று அவர் பின்னாலேயே ஏறினாள் ரோஸ்விதா.

"இந்தத் தடவை என்ன சாக்கு?"

"குடையை மறந்துட்டேன். அதான் எடுக்கப் போனேன்."

ஊவேவால் பொறுக்க முடியவில்லை. "என்னம்மா நீங்க, இறங்கும்போதே குடை உங்க கையிலதானே தொங்கிக்கிட்டிருந்துச்சு? பஸ்ஸுக்குப் பின்னாடி போய்ச் சும்மா நின்னீங்க. இவர் ஏறினப்புறம் ஏறினீங்க. எனக்குக் கண்ணாடியில தெரிஞ்சுதே!"

ரோஸ்விதா காது வரை சிவந்து, யாரையும் பார்க்காமல் மைக்குக்குக் கை நீட்டினாள்.

ஹுபெர்ட் கொடுக்கவில்லை. அவளைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். அப்புறம் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கடைசியா வந்தது நான்தான்," என்றார். "நேத்துலேர்ந்து எல்லா எடத்துலயும் நான்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.