லட்டு டப்பா மேல் விழுந்த பழி

இன்றும் வெறும் வயிற்றில் நூற்றெண்பது. ரத்தச் சர்க்கரை அளக்கும் மெஷினுக்குச் சந்தேகம் தலைக்கேறியது. பொன்னுரங்கம் ராத்திரி இரண்டே இட்லி தின்றாராம்; யார் நம்புவது?

"ஏய் லட்டு டப்பா, உன் வேலைதானே?" என்று அதட்டியது.

"நான் காலியாகி மூணு மாசமாச்சு. எறும்புகூட எட்டிப் பார்க்கிறதில்லை," என்றது டப்பா.

"பொய்!"

கட்டிலிலிருந்து தலையணை வாய் திறந்தது. "அவர் எதையும் திருடித் தின்னலை. குறட்டை நடுவுல மூச்சே நின்னுபோகுது. திணறி முழிக்கிறார், மறுபடி படுக்கிறார். விடியவிடிய இதே கூத்து. உடம்பு பயந்துபோய்ச் சர்க்கரையை ஏத்துது. காலையில அவருக்கு ஒண்ணும் ஞாபகமில்லை."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீ டப்பாவைத்தானே விசாரிச்சே?"

அடுப்படியில் அவர் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "இவருக்கென்ன, படுத்ததும் குறட்டைதான். கொடுத்துவெச்ச மனுஷன்!"